துடைப்பம் கட்டிப் பட்டம் பெறும் கல்லூரி

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்து வாழும் நம் குடும்பங்களில் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிய பேச்சே மிகுதி. ஊரில் உள்ள காணி நிலத்தை ஒற்றிக்கு விடுவதா, வைப்பு நிதியில் கடன் எடுப்பதா என்று தந்தையார் கணக்கிடுவார். தாயார் தம் கைவளையலைப் பார்த்துக்கொள்வார். அந்தப் பேச்சு ஓய்ந்திருக்கும் ஒரு மாலைப்பொழுதில் படிக்கட்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஐக்கிய அமெரிக்க நாட்டில் கென்டக்கி என்னும் மாநிலம் உண்டு. அங்கே மலைத்தொடரின் அடிவாரத்தில் பெரியா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரின் பெயரையே தாங்கிய கல்லூரியில் ஏறத்தாழ 1,500 மாணவ மாணவியரே பயில்கின்றனர். அந்நாட்டில் இத்தகைய சிறு கலைக்கல்லூரிகள் பல. ஒரே துறையில் மாணவனை முடக்கிவிடாமல் இலக்கியம், வரலாறு, கணிதம், உயிரியல் ஆகிய யாவற்றையும் ஓரளவு சுவைக்கச் செய்து, பின்னரே சிறப்புப் பாடத்தைத் தேரவிடுவது அவற்றின் வழக்கம். வகுப்புகள் சிறியவை, ஆசிரியர் மாணவனைப் பெயர் சொல்லி அழைப்பார். ஆனால் இக்கல்லூரிகளிற் பலவற்றின் கட்டணத்தைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். பெரியாவிலோ 1892 முதல் பயிற்றுக் கட்டணம் என்பதே கிடையாது. அதுமட்டுமன்று; பொருள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளையே அது தேடிச் சேர்த்துக்கொள்கிறது.

இதற்கு ஈடாக மாணவர் என்ன செய்கின்றனர்? வேலை செய்கின்றனர். வாரத்திற்குப் பத்து மணி நேரமேனும் ஒவ்வொருவரும் கல்லூரியின் பணியொன்றில் ஈடுபட்டாக வேண்டும், விதிவிலக்கு இல்லை. ஒருவர் நூல்நிலையத்தில் புத்தகம் அடுக்குவார். ஒருவர் உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவுவார். ஒருவர் பண்ணையில் மாட்டுக்குத் தீனி வைப்பார். கல்லூரிக்குச் சொந்தமான ‘பூன் டாவர்ன்’ என்னும் விடுதி 1909-இல் திறக்கப்பட்டது. அங்கு விருந்தினரை வரவேற்கும் பணியிலும் மாணவர் இருப்பர். தறியில் அமர்ந்து நெய்வோரும் உண்டு. 1920 முதல் துடைப்பம் கட்டும் தொழிலும் அங்கே நடந்துவருகிறது. துடைப்பம் என்றதும் முகம் சுளிக்க வேண்டா. அழகிய கைவினைப் பொருளாக அதை விலை கொடுத்து வாங்கிச் செல்வோர் பலர். வேலைக்குச் சிறு ஊதியம் தரப்படுகிறது. பாடத்திற்கு மதிப்பீடு இருப்பது போலவே, செய்த வேலைக்கும் மதிப்பீடு உண்டு. அது பதிவேட்டில் ஏறுகிறது.

பத்து மணி நேர உழைப்பினால் மட்டும் ஒரு கல்லூரி நடந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல தலைமுறைகளாக நல்லோர் எழுதிவைத்த நன்கொடைகள் சேர்ந்து பெருநிதியாகி, அதன் வருவாயே கட்டணத்தின் இடத்தை நிரப்புகிறது. உழைப்பு அங்கே கல்விக்கு விலையாக அன்று, கல்வியின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

இக்கல்லூரியின் பிறப்பு எளிதாக நிகழவில்லை. இதனைத் தோற்றுவித்த ஜான் ஃபீ என்பார் அடிமைகளை வைத்திருந்த ஒருவரின் மகன். அடிமை முறையை எதிர்த்தமையால் தந்தையின் சொத்தை இழந்தவர். 1855-இல் ஓர் அறையே கொண்ட பள்ளியாக இதனைத் தொடங்கினார். 1859 டிசம்பரில் ஆயுதந் தாங்கிய ஒரு கூட்டத்தார் வந்து, பத்து நாளில் மாநிலத்தை விட்டு வெளியேறுமாறு அவருடைய கூட்டத்தாருக்குக் கெடு விதித்தனர். உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின் பள்ளி மீண்டும் நிலைபெற்றது. 1866-இல் பயின்றோர் 187 பேர்; அவருள் 96 பேர் கறுப்பினத்தார், 91 பேர் வெள்ளையர். அந்தக் காலத்தில், அந்த நாட்டின் தென்புறத்தில், இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர் என்றால் அது சிறு செய்தியா?

அந்தப் பலகையைப் பிளக்கவே 1904-இல் கென்டக்கி சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. இரு இனத்தாரையும் ஒருங்கே வைத்துக் கற்பிப்பது குற்றமாயிற்று. கல்லூரிக்கு ஆயிரம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கல்லூரி வழக்காடியது. 1908-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மாநிலம் உரிமம் தந்து உருவாக்கிய நிறுவனம் ஆதலின் அதனைக் கட்டுப்படுத்த மாநிலத்திற்கு அதிகாரம் உண்டு என்பது அதன் வாதம். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய ஜான் மார்ஷல் ஹார்லன் என்னும் நீதிபதியும் கென்டக்கியைச் சேர்ந்தவரே. அதற்குப் பின் கறுப்பின மாணவர்க்கெனத் தனிப் பள்ளி ஒன்றை வேறிடத்தில் நிறுவக் கல்லூரி பொருள் திரட்டியது. பெரியாவின் வாயிலோ அவர்களுக்கு மூடப்பட்டது. 1950-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அது மறுபடியும் திறந்தது. இடையில் கழிந்தவை நாற்பத்தாறு ஆண்டுகள். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துவிட்டு இங்கு வந்து படித்து, பின்னாளில் கறுப்பின மக்களின் வரலாற்றை ஆராய்வதற்கே வாழ்வை ஈந்த கார்ட்டர் உட்சன் 1903-இல் பட்டம் பெற்றார். ஓராண்டு தாழ்ந்திருந்தால் அவருக்கும் அந்த வாயில் இல்லை.

இவற்றைப் படித்தபோது என் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் விடுதியில் ஒரு மாணவர் இருந்தார். கட்டணம் செலுத்த வகையற்றவர். பந்தியில் பரிமாறி, இலை எடுத்து, அதற்கு ஈடாக உணவு பெற்றார். படிப்பிலோ எங்களினும் வல்லவர். எங்களுள் சிலர் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘சாம்பார்’ என்றே கூவுவோம். நானும் கூவியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டின் இடையில் அவர் ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. விடுதித் தலைவர் காரணம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பெரியாவில் அப்படி ஒருவரைத் தனித்துக் காட்டிக் கூவ இயலாது. பரிமாறுபவர் மாணவர், உண்பவரும் நாளை வேறோரிடத்தில் துடைப்பத்தோடு நிற்கப்போகும் மாணவர். தேர்வு வாரத்திலும் வேலை உண்டே என்று அங்குள்ள பிள்ளைகளும் சலித்துக்கொள்ளக் கூடும். இளமைக்கு அது இயல்பு. ஆண்டுக்கு ஒரு நாள் இலையுதிர் காலத்தில் வகுப்புகளை நிறுத்திவிட்டு, ஊருக்கு அண்மையிலுள்ள குன்றின்மேல் அனைவரும் ஏறும் வழக்கமும் அங்கே நெடுங்காலமாக இருந்துவருகிறது. ‘மலை நாள்’ என்று அதற்குப் பெயர். உச்சிப் பாறையில் நின்றால் கீழே காடு முழுதும் செம்மையும் மஞ்சளுமாகத் தெரியுமாம்.

எங்கள் விடுதி நண்பரின் ஊர் தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.