இருபது டிகிரிக் குளிர்

திருப்பூருக்குக் குளிர்காலம் வருவது கத்திரி வெயிலில். ஐரோப்பியக் கடைகளில் கிறிஸ்துமஸுக்கு முன்பே தொங்க வேண்டிய ஸ்வெட்ஷர்ட்டும் உள்பக்கம் மயிர் வைத்த பேண்ட்டும் தூத்துக்குடியில் கப்பலேறி அந்தக் கரையைத் தொடவே ஒரு மாதம் போல ஆகும். அதற்கு முன் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் முடிய வேண்டும். ஆகவே மே, ஜூனில் வியர்வை வழிய வழியக் குளிருக்கான துணி தைக்கும் ஊர், டிசம்பரில் போர்வையை உதறி எழுந்து வந்து கையில்லாத கோடை பனியன் தைக்கிறது. இந்த ஊரின் பலம் பருத்தி. அதனால் கோடை ஆர்டர்தான் என்றைக்கும் பெரிய ஆர்டர். (பனியனுக்கும் பனிக்கும் உறவு தேட வேண்டாம். வணிகரைக் குறித்த குஜராத்திச் சொல் ஒன்று ஆங்கிலேயர் வாயில் புகுந்து, சட்டைக்குப் பெயராகி நம்மிடம் வந்து சேர்ந்தது.) இப்படிக் குளிரைப் பெட்டி கட்டி அனுப்பியே பழகியதால் இந்தப் பகுதியில் ஓர் எண்ணம் ஊறிவிட்டது: குளிர்காலம் என்பது வாங்குபவனின் ஊரில் இருப்பது, நமக்கு வெயில், அதிக வெயில், கொஞ்சம் மழை, அவ்வளவுதான். இந்த எண்ணம் தவறு என்பதே என் கட்சி. குளிரின் சுகம் டிகிரியில் இல்லை, வித்தியாசத்தில் இருக்கிறது. அந்த வித்தியாசம் மார்கழியில் நமக்கும் தாராளமாகக் கிடைக்கிறது.

தமிழன் ஆண்டை ஆறாகப் பிரித்தபோது இரண்டு பருவங்களுக்குப் பனியின் பெயரையே வைத்தான். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வேனிலுக்கும் இரண்டு, பனிக்கும் இரண்டு என்ற அந்தக் கணக்கு வெறும் சம்பிரதாயமல்ல என்பதை உடுமலைக்குத் தெற்கே அமராவதி நகரில் ஒரு விடியற்காலை நின்றால் உணரலாம். 1957-இல் கட்டி முடித்த அணை, 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி, அவற்றுக்குப் பின்னால் சுவர்போல ஆனைமலைத் தொடர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனதும் பகலில் மண் வாங்கிய சூட்டை இரவில் மறித்து வைக்க மேகம் இருப்பதில்லை. சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது மலைச்சரிவு வழியாகத் தண்ணீர்போலவே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. காற்றைவிடப் புல்நுனி இன்னும் சில டிகிரி குளிர்ந்துவிடும். ஆகவே பனித்துளி முதலில் அங்கேதான் கட்டுகிறது. தெர்மாமீட்டர் காட்டுவது பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சற்று முன்பின். அதற்கே தலையில் துண்டைக் கட்டி, காதை மூடி, இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போகிறார்கள்.

லண்டனில் 20 டிகிரி என்றால் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் படுப்பார்கள், இதையா குளிர் என்கிறீர்கள் என்று கேட்கலாம். கேட்பவர் தெர்மாமீட்டரைப் பேசுகிறார், தோலைப் பேசவில்லை. தோலிலுள்ள உணர்நரம்புகள் மாற்றத்துக்குத்தான் வேகமாகக் குரல் கொடுக்கும். ஒரே நிலை நீடித்தால் அடங்கிவிடும். பிரெஞ்சு உடலியல் ஆய்வாளர் மிஷல் கபனாக் 1971-இல் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னார். ஒரே வெந்நீர், உடல் குளிர்ந்திருப்பவன் கைக்கு இன்பம், உடல் சுட்டிருப்பவன் கைக்குத் தொல்லை. சுகம் தண்ணீரில் இல்லை, அந்த நேரத்து உடம்பின் தேவையில் இருக்கிறது. அப்படியானால் பகலில் 30 டிகிரிக்குப் பழகிய உடம்பு விடியலில் பத்து டிகிரி இறங்கும்போது நடுங்குவது பாசாங்கல்ல. அந்த நேரத்தில் கையில் வாங்கும் சுக்குமல்லிக் காபி டம்ளரின் சூடு, எந்தக் குளிர்நாட்டுக் கணப்படுப்பின் சூட்டுக்கும் குறைந்ததுமல்ல. அணைக்கு அருகேயுள்ள முதலைப் பண்ணையில் இதற்கு நேர்மாறான காட்சி. 1970-களில் தொடங்கிய அந்தப் பண்ணையின் முதலைகள் காலை வெயில் ஏறியதும் கரையில் வரிசையாகக் கிடக்கும். தன் உடம்பில் சூடு உண்டாக்கத் தெரியாத பிராணி, வெயிலைக் கடன் வாங்கித்தான் அன்றைய நாளைத் தொடங்க முடியும். அதற்கு வெயில் காய்வது பிழைப்பு. மனிதனுக்குப் பாதி பிழைப்பு, பாதி சுகம்.

போர்வையை எடுத்துக்கொள்வோம். போர்வை சூடு தருவதில்லை. நம் சூட்டை ஓடவிடாமல் வைத்திருப்பது, அதுவும் நூலால் அல்ல, நூல்களுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றால். இதைத் திருப்பூரில் பிளீஸ் துணி ஓட்டுபவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்முகத்துக்கு ஒரு நூல், கட்டிப்பிடிக்க ஒன்று, உள்பக்கம் வளைந்து நிற்க ஒன்று என மூன்று நூல் பின்னல்; அந்த வளைவுகளை ரெய்சிங் மெஷினில் நுண்கம்பி பதித்த உருளைகள் கீறி மயிராக எழுப்பும். வெளியே வரும் துணி முன்னைவிடத் தடித்திருக்கும், ஆனால் எடை கூடியிருக்காது, கூடியதெல்லாம் காற்று. மெஷினருகே நிற்பவர் புருவத்தில் பஞ்சு படிந்து இருபது வயதிலேயே நரைத்தவர்போல் தெரிவார். அதே துணி நனைந்துவிட்டால் கதை மாறும். தண்ணீர், அசையாத காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும். ஈர பனியனோடு பனியில் நிற்காதே என்று வீட்டில் திட்டுவது இயற்பியல்தான். உடுமலைக்குக் கிழக்கே பழனி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன், மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைக் கொடுத்த கதை நமக்குத் தெரியும். உண்மையில் மயிலுக்கு அது தேவையில்லை. இறகுகளுக்குள் காற்றைப் பொதிந்து வைத்திருக்கும் பறவை அது, பிறவியிலேயே பிளீஸ் போட்டது. பேகன் கொடுத்தது தனக்குத் தெரிந்த சுகத்தை. குளிரறியாத நாட்டில் அப்படி ஒரு கதையே பிறந்திருக்காது.

சங்க நூல்களில் நெடுநல்வாடை இதைவிட நெருக்கமான சாட்சி. நக்கீரர் அதில் குளிரைச் சொல்ல டிகிரி தேடவில்லை. மனிதர் என்ன செய்வதை நிறுத்தினார்கள் என்று பார்க்கிறார். குளிர்ந்த நீரை யாரும் குடிப்பதில்லை, நெருப்புச் சட்டியைச் சூழ்ந்துகொள்கிறார்கள். மடக்கித் தொங்கவிட்ட விசிறியில் சிலந்தி நூல் பின்னிக் கிடக்கிறது. இன்றைக்குச் சீலிங் ஃபேன் இறக்கையில் தூசி படிவதும் இதே கணக்குத்தான். கொங்கு நாட்டுச் சமையலறையும் மார்கழியில் தன் போக்கை மாற்றும்: கொள்ளு ரசம் அடிக்கடி வரும், பகல் குறுகியதும் பூக்கும் அவரையும் மொச்சையும் சந்தையை நிரப்பும். குடிமங்கலம் பக்கம் கரிசல் காட்டில் கொண்டைக்கடலை இருக்கும் ஈரத்தையும் பனியையும் நம்பியே விளைகிறது. அந்தச் செடியின் இலையில் புளிப்பான அமிலம் சுரக்கும். அதிகாலையில் காட்டுக்குள் நடந்தால் பனியோடு சேர்ந்து காலில் அரிக்கும். இரவில் செடிமேல் துணி விரித்து, விடிந்ததும் பனியோடு பிழிந்தெடுத்த அந்தப் புளிப்பை வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக வைத்திருந்தது நாட்டு வைத்தியம். பனியைத் துணியில் பிடித்துச் சேமித்த ஊருக்குக் குளிர்காலம் இல்லை என்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

பனி வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போங்கள் என்பது அடுத்த வாதம். அங்கே உறைபனி உண்மைதான். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளை படிகிறது; பயணிகள் அதை நகத்தால் சுரண்டிப் படம் எடுக்கிறார்கள். அதே இரவு தேயிலைக் கொழுந்துக்குள்ளிருக்கும் நீரை உறையவைத்து இலையைக் கருக்கிவிடும். காய்கறிக்காரர் தழையையும் தாளையும் போர்த்திவிட்டு விடியும்வரை கவலையோடு கிடப்பார். ஓட்டல் அறைக்குத் திரும்பிப் போகிறவருக்கு அது காட்சி, போக வழியில்லாதவருக்கு நட்டம்.

இதுவே என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பும்கூட. குளிரைச் சுகம் என்று எழுதுவது கதவும் போர்வையும் உள்ளவனின் சொகுசு என்பார்கள். பாதி உண்மை. சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட் முடித்து, சூட்டில் நனைந்த உடம்போடு பனியில் டூவீலர் ஓட்டி வருபவருக்கும், பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில் படுத்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும், மூச்சிரைப்புக்காரருக்கும் மார்கழி இதமல்ல. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சுகம் வித்தியாசத்தில் இருக்கிறது என்றால், குளிரிலிருந்து சூட்டுக்குத் திரும்பும் வழி இருந்தால்தான் வித்தியாசம். குறளில் அரசனிடம் பழகுவதற்குத் தீக்காய்வது உவமையாக வரும்: ரொம்ப விலகாமல், ரொம்ப நெருங்காமல். அந்த இடைவெளியைத் தானே வைத்துக்கொள்ளும் வசதிதான் சுகத்தின் பாதி. இரவு ஷிப்ட் விடும் வாசலில் ஒரு டீக்கடை, உலர்ந்த மாற்றுச் சட்டை வைக்க ஓர் அலமாரி. உலகத்துக்கே ஸ்வெட்ஷர்ட் தைக்கும் ஊர் இதைச் செய்துகொள்ளப் பெரிய செலவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவோம். பனி பொழியும் கிறிஸ்துமஸ் படம் பெத்லகேமிலிருந்து வரவில்லை. அங்கே பனி விழுவதே அபூர்வம். அது வட ஐரோப்பாவின் படம். 1843-இல் வெளியான டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதைக்கு அதைப் பரப்பியதில் பெரும்பங்கு உண்டு. நம் வீடுகளில் குடில் கட்டும் பிள்ளைகள் கூரைமேலும் சவுக்குக் கிளைமேலும் பனிக்காக ஒட்டுவது பஞ்சு. போலி என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. பனிக்குப் பதிலாகப் பனியைத் தடுக்கும் பொருளை வைப்பதைவிடப் பொருத்தமாக இந்த மண் வேறென்ன செய்ய முடியும்? ராத்திரி கேரல் பாடி வருகிறவர்கள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வருவார்கள், ஒவ்வொரு வீட்டிலும் கேக்கோடு ஒரு வாய் சூடான டீ. விடிந்தால் தெருவில் வெயில் விழும் பக்கத்துத் திண்ணை மட்டும் நிரம்பியிருக்கும். ஒன்பது மணிக்கு அங்கிருந்தவர்களே எழுந்து எதிர்ப்பக்கத்து நிழலுக்குப் போய்விடுவார்கள்.