சாமி பார்த்தாச்சு, சந்திரகிரி?

தினமும் பல்லாயிரம் பேர் வந்து போகிறார்கள் திருப்பதிக்கு. பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரு பேரரசின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று காத்துக் கிடக்கிறது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

விடியற்காலை நான்கு மணி. திருப்பதி பஸ் நிலையத்தில் இரண்டு விதமான மனிதர்கள். தலைமுடியோடு வந்திறங்குகிறவர்கள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசித் திரும்புகிறவர்கள். முதல் வகையினர் மலைக்குப் போகும் பஸ்ஸைத் தேடி ஓடுகிறார்கள். இரண்டாம் வகையினர் லட்டுப் பையை மடியில் வைத்தபடி சென்னை பஸ்ஸில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போகிறார்கள். சாதாரண நாட்களிலேயே அறுபதாயிரம் பேருக்கு மேல் மலையேறும் ஊர் இது. சென்னையிலிருந்து ஒரே நாளில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும் பாக்கேஜ் டூர்களில் மலை உண்டு, திருச்சானூர் உண்டு, சாப்பாடு உண்டு. வேறு எதற்கும் நேரமில்லை.

"சந்திரகிரிக்கா? அங்க என்ன சார் இருக்கு, பழைய கோட்டை" என்கிறார் ஆட்டோக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்த இந்தப் பக்கத்துப் பேச்சில். "தரிசனம் ஆச்சில்ல? காளஹஸ்தி போலாம் வாங்க, ராகு கேது பூஜை பண்ணிட்டு வந்துடலாம்." அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தினமும் நூறு பேர் கேட்கும் இடங்களைத்தான் அவர் சொல்கிறார்.

சந்திரகிரிக்கு நான் முதல் முறை போனது ஒரு வெள்ளிக்கிழமை. மியூசியத்துக்கு அன்று விடுமுறை. இதை வாசகர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இரண்டாம் முறை உள்ளே நுழைந்தபோது, மலையடிவாரத்தில் கோட்டைச் சுவர்களைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது ராஜா மகால். மூன்று அடுக்கு மாளிகை. வளைவுகள் இஸ்லாமிய பாணியைச் சேர்ந்தவை, மேலே நிற்கும் கோபுரங்கள் நம் கோயில்களை நினைவூட்டுகின்றன. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றாலேயே எழுப்பிய கட்டடம் இது. மரமே கிடையாது. மரம் இருந்திருந்தால் தீயோ கரையானோ என்றைக்கோ கதையை முடித்திருக்கும். சற்றுத் தள்ளி ராணி மகால், அதைவிடச் சிறியது, இரண்டு அடுக்கு. சுற்றிலும் இடிந்த கோயில்கள், ஒரு குளம், ஆடு மேய்க்கும் பையன்கள்.

இந்தக் கோட்டையின் பின்னணி லேசானதல்ல. 11ம் நூற்றாண்டு வாக்கில் யாதவராயர்கள் கட்டியது என்கிறார்கள். சந்திரகிரியை ஆண்டுவந்த சாளுவ நரசிம்மர்தான் 1485ல் விஜயநகர சிம்மாசனத்தையே கைப்பற்றினார். 1529ல் கிருஷ்ணதேவராயர் இறந்தபோது, அவருக்கு அடுத்து வந்த அச்சுதராயர் இங்கிருந்துதான் பட்டத்துக்குப் புறப்பட்டார். 1565ல் தலிக்கோட்டைப் போரில் ஹம்பி தரைமட்டமானது. பேரரசு பெனுகொண்டாவுக்கு ஓடியது. பிறகு அந்த நூற்றாண்டின் கடைசியில், இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில், இங்கே வந்து மூச்சு வாங்கியது. ஏசுசபைப் பாதிரிமார்கள் வந்து அரசரைச் சந்தித்ததும் இந்தச் சபையில்தான். அதன் பிறகு தலைநகரம் வேலூருக்குப் போயிற்று.

ஒரு பேரரசு பின்வாங்கிக்கொண்டே வந்த பாதை இது. ஹம்பிக்கு உலகமே போகிறது. பாதையின் இந்த முனையைத் தேடி வருபவர் யாருமில்லை.

சென்னைக்காரர்களுக்கு இங்கே தனிப்பட்ட ஒரு பாத்தியதையும் உண்டு. சென்னப்பட்டினத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்த பட்டயம் ராஜா மகாலில்தான் கையெழுத்தானது என்று உள்ளூர் வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அது அவ்வளவு நேரான விஷயமல்ல. 1639ல் பிரான்சிஸ் டேக்கு மணல்வெளியைக் கொடுத்தவர் வந்தவாசிப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அந்த நாயக்கருக்கு மேலே அரசராக இருந்தவர் விஜயநகர வம்சத்துப் பெத்த வேங்கட ராயர். அவருக்குப் பின் வந்த மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் 1645ல் அந்த உரிமையை உறுதி செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டே கோல்கொண்டாப் படை கோட்டையைப் பிடித்தது. கையெழுத்து எந்தக் கூடத்தில் விழுந்தது என்று வழக்காடிக் கொண்டிருக்கலாம். பிறந்தகத்துப் பெரியவர் யாரென்பதில் சந்தேகமில்லை. ஆகஸ்ட் 22ம் தேதி சென்னையின் பிறந்த நாளென்று ஆண்டுதோறும் நடை, பேச்சு, கண்காட்சி எல்லாம் நடக்கிறது. ஒரு பஸ்ஸை அமர்த்தி இங்கே வரலாமே என்று யாருக்காவது தோன்றக் கூடாதா?

டே அந்த மணல்வெளியைத் தேடி வந்த காரணமும் இந்த வட்டாரத்தோடு ஒட்டியதுதான். அவருக்கு வேண்டியது துணி. மலிவாகக் கிடைக்கும் பருத்தித் துணியும், சாயம் எழுதிய சீட்டித் துணியும். அந்தக் கைவேலையின் ஒரு கிளையை ஸ்ரீகாளஹஸ்தியில் இன்றும் பார்க்கலாம். அங்கே போவதற்கு முன் மலையைப் பற்றி ஒரு வார்த்தை.

சந்திரகிரிக்குப் பக்கத்தில், ஸ்ரீநிவாச மங்காபுரத்தை அடுத்து, ஸ்ரீவாரி மெட்டு என்ற பழைய படிப்பாதை தொடங்குகிறது. சந்திரகிரியிலிருந்து அரசர்கள் மலையேறிய வழி என்பது நம்பிக்கை. மலைமேல் நைவேத்தியம் ஆனதும் மணி அடிப்பார்களாம். வழிநெடுக உள்ள மண்டபங்களில் மணியோசையை மாற்றி மாற்றி அனுப்ப, அது கோட்டைக்கு எட்டிய பிறகே ராஜா இலை முன் உட்காருவாராம். கதைதான். ஆனால் கோட்டைக்கும் கோயிலுக்கும் இருந்த உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ராயர்கள் கொட்டிக் கொடுத்தார்கள். கிருஷ்ணதேவராயர், திருமலாதேவி, சின்னாதேவி மூவரும் செப்புச் சிலைகளாகக் கைகூப்பி நிற்பதை மலைக்கோயிலில் இன்றும் பார்க்கலாம், 'ஜருகண்டி' குரல்கள் அனுமதித்தால்.

அந்தச் சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகளை யாருமே கவனிப்பதில்லை. திருமலையிலும் திருப்பதியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். மிகப் பெரும்பாலானவை தமிழில். வெள்ளிப் படிமம் செய்து கொடுத்த பல்லவ குலத்துச் சாமவை என்ற பெண்மணியிலிருந்து ராயர் காலத்துத் தினப்படிப் பிரசாத அளவுகள் வரை எல்லாம் அவற்றில் உண்டு. 1930களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்களின் உழைப்பில் அவை தொகுதிகளாக அச்சேறின. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இந்த எழுத்து தெரியாது. எழுத்துத் தெரிந்த நாம் வரிசையில் தள்ளப்பட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இதைச் சொன்னால் சிலருக்கு உடனே 1953 ஞாபகம் வந்துவிடும். பழைய இலக்கணப் பாயிரம் வேங்கட மலையைத்தான் தமிழ் நிலத்தின் வட எல்லையாகச் சொல்கிறது. 1911ல் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டுக்கே தலைநகரமாக இருந்த ஊர் சித்தூர். ஆந்திரம் பிரிந்தபோது ம.பொ.சி.யின் கிளர்ச்சி, படாஸ்கர் தீர்ப்பு, 1960ல் திருத்தணி இந்தப் பக்கம் என்று அந்த வழக்கு முடிந்துவிட்டது. எனக்கு அதைக் கிளறும் ஆசை இல்லை. கோடு எங்கே விழுந்தாலும் கல்வெட்டு நகர்வதில்லை என்பதுதான் விஷயம். நகராமல் இருந்தால் சரி. திருமலையில் கோயிலுக்கு எதிரே இருந்த 15ம் நூற்றாண்டு ஆயிரங்கால் மண்டபத்தை, பக்தர் கூட்டத்துக்கு இடம் செய்வதற்காக 2003ல் இடித்துத் தள்ளினார்கள். தூண்கள் அகன்றன, கூட்டம் குறையவில்லை.

காளஹஸ்தியில் இடிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. கிருஷ்ணதேவராயர் 1516ல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26ம் தேதி இரவு தானாகவே சரிந்து விழுந்தது. விரிசல்கள் முன்பே தெரிந்திருந்தன, சுற்றியிருந்தவர்களை முன்னதாக அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் தப்பியது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் மழையையும் வெயிலையும் தாங்கிய கோபுரத்தைச் சில ஆண்டுக் கவனக்குறைவு தாங்க விடவில்லை. 2017ல் முந்தியதைவிட உயரமாகப் புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. கம்பீரமாகத்தான் இருக்கிறது. கண்ணப்ப நாயனாரைத் தேடி வரும் தமிழ்நாட்டுப் பக்தர்கள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். பழையது விழுந்த கதையை அங்கே யாரும் பேசுவதில்லை.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் கலம்காரி. மசூலிப்பட்டினத்தில் அச்சுக்கட்டை வைத்து ஒற்றுவார்கள். இங்கே மூங்கில் குச்சியே பேனா. குச்சியின் முனைக்கு மேலே துணியோ கம்பளியோ சுற்றி, சாயத்தைத் தோய்த்து, விரலால் அழுத்த அழுத்தக் கோடு இறங்குகிறது. பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் ஊறப்போடுகிறார்கள். பாலின் கொழுப்பு, சாயம் பரவாமல் காக்கும். சுட்ட புளியங்குச்சிக் கரியால் முதல் கோடு. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த நீர் துணியில் பட்டதும் கடுக்காயோடு சேர்ந்து கறுப்பாகிறது. படிகாரம் பூசிய இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். மஞ்சளுக்குப் பின், நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே துணியை அலச வேண்டும், அதுவும் ஓடும் தண்ணீரில். தேங்கிய நீரில் போட்டால் ஒரு நிறத்தின் மிச்சம் மறு நிறத்தில் ஏறிவிடும்.

அந்த ஓடும் தண்ணீர்தான் சிக்கல். தேவாரத் தலமான காளத்தியின் பொன்முகலி ஆறு, இன்றைய சுவர்ணமுகி, வருஷத்தில் பெரும்பகுதி மணல். நான் போனபோது மாடுகள் நடந்து கடந்தன. "மழை வந்தா ஆத்துக்குப் போவோம், இல்லன்னா போர் தண்ணிதான்" என்றார், ராமாயணக் காட்சி ஒன்றுக்குக் கறுப்புக் கோடு எழுதிக்கொண்டிருந்த பெண்மணி. முன்பு ஆண்களின் வேலையாக இருந்த இதில் இப்போது பெண்கள் நிறையப் பேர். 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய போன்றவர்களின் முயற்சியும் அரசுப் பயிற்சி நிலையமும் இல்லாவிட்டால் இந்தக் கலை அப்போதே போயிருக்கும். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் வாசலில் மலிவு விலைக்குத் தொங்கும் இயந்திர அச்சுப் புடவையும் 'கலம்காரி' என்ற பெயரில்தான் விற்கிறது. எது கையால் எழுதியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவரையே கேட்டேன். "ஒரே மயில ரெண்டு தடவ பாருங்க. ரெண்டும் அச்சா ஒண்ணுபோல இருந்தா எங்களது இல்ல."

பழைய சித்தூர் மாவட்டத்தை 2022ல் பிரித்தபோது சந்திரகிரியும் காளஹஸ்தியும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. சித்தூருக்கு மிஞ்சியவற்றில் பெயர் பெற்றது காணிப்பாக்கம். குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில், கிணற்றில் வீற்றிருக்கும் பிள்ளையார். பொய்ச் சத்தியம் செய்ய இன்னும் பயப்படுகிறார்கள் அங்கே. மாம்பழப் பருவத்தில் போனால் சித்தூர்ச் சாலைகளில் பெங்களூரா மாம்பழ லாரிகள் கூழ் ஆலைகளுக்கு வரிசை கட்டி நிற்கும். விலை கிடைக்காத ஆண்டுகளில் அந்த வரிசையே ஒரு சோகக் காட்சி.

மேற்கே, தக்காளிச் சந்தைக்குப் பேர்போன மதனப்பள்ளியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1919 பிப்ரவரியில் தாகூர் அங்கே பெசன்ட் கல்லூரியில் தங்கி 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ் ஐரிஷ்காரர். அந்த மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுத உதவிய மனைவி மார்கரெட், அயர்லாந்தின் பாயில் என்ற சின்னச் சந்தை ஊரில் பிறந்தவர். அந்த மாதிரி ஊர்களில், இடிந்த மடாலயம் ஒன்று இருந்தால் போதும், அதற்கு ஒரு பலகை, ஒரு நடைபாதை, ஒரு தேநீர்க்கடை வைத்து நாள் முழுக்க விருந்தாளியைப் பிடித்து வைத்துவிடுகிறார்கள்.

கடைசியாகக் குடிமல்லம். ரேணிகுண்டாவுக்கு அந்தண்டை, பாப்பாநாயுடுபேட்டை வழியாகப் போக வேண்டும். அந்தப் பேட்டையே ஒரு அதிசயம். உலையிலிருந்து உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, நறுக்கி, மணியாக்கும் வித்தை அங்கே வழிவழியாக வந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அரிக்கமேட்டில் செய்து கடல் கடந்து போன மணிகளின் அதே முறை. சந்தையில் பிளாஸ்டிக் மணி வந்த பிறகு உலைகள் குறைந்துகொண்டே போகின்றன.

குடிமல்லத்தில் வயல்களுக்கு நடுவே, யானையின் பின்புறம் போல் வளைந்த கருவறை. உள்ளே தரைமட்டத்துக்குக் கீழே சுமார் ஐந்தடி உயர லிங்கம். அதன் முன்புறத்தில், குள்ளன் ஒருவன் தோள்மேல் நிற்கும் வேட்டுவக் கோலச் சிவன். ஒரு கையில் ஆடு, ஒரு கையில் சின்னக் குடம், தோளில் பரசு. 1911ல் து.அ. கோபிநாத ராவ் எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. கி.மு. 3ம் நூற்றாண்டு என்பவர்கள் உண்டு, அவ்வளவு பழசல்ல என்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நாட்டின் மிகப் பழைய லிங்கங்களில் ஒன்று. 1973ல் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்து, இப்போதைய கட்டடத்துக்கு முந்திய செங்கல் அமைப்பைக் கண்டது.

நான் போன நேரத்தில் என்னைத் தவிர இரண்டே பேர். சுவரில் வாணர்களும் சோழர்களும் விட்டுப்போன தமிழ் எழுத்துகள். பின்னாலேயே வந்த பள்ளிச் சிறுவன் தெலுங்கில் கேட்டான், இது என்ன பாஷை என்று. தமிழ் என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சென்னைக் கடைப் பலகைகளில் பார்த்த தமிழ் இப்படி இல்லையாம். படித்துக் காட்டச் சொன்னான். எம்.ஏ.யில் கல்வெட்டுத் தாள் எழுதித் தேறியவன் நான். 'ஸ்வஸ்திஸ்ரீ' வரை சரளமாகப் போனேன். இரண்டாவது வரியில் திக்க ஆரம்பித்ததும் பையன் சிரித்துவிட்டான். மொபைலின் டார்ச்சைத் தானே வாங்கிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தான். எழுத்துகள் நிழலோடு எழும்பி நின்றன. மூன்றாவது வரி படிக்க வந்தது.