நான் இன்றைக்கு மனுஷி அல்ல!

இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. தட்டுகளை எடுத்து, மேஜையைத் துடைத்தாயிற்று. ஆனால் யாரும் எழுந்து போகக் காணோம். மேஜையைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் பாங்கியில் குமாஸ்தா; ஒருத்தி பள்ளிக்கூட ஆசிரியை; இன்னொருத்தி நர்ஸ்; நாலாவது, ஒரு கல்லூரி மாணவன்; ஐந்தாவது, வீட்டுக்காரர். நடுவே சில காகிதங்கள், பென்சில்கள், கண்ணாடிக் கற்கள்போல் மின்னும் பலவிதப் பகடைகள்.

"கதவுக்கு அப்பால் ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார் வீட்டுக்காரர்.

ஆசிரியை தொண்டையைக் கனைத்துக்கொள்கிறாள். "சுவரைத் தடவிப் பார்க்கிறேன். இந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் என் பாட்டன்மார்கள். அவர்கள் வைத்த கதவுக்குப் பின்னால் மிருகம் உறுமுவது எங்கள் குலத்துக்கே அவமானம். கோடரியை எடுத்துக்கொண்டு முன்னால் போகிறேன்!"

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால், அந்த நிமிஷத்தில் அவள் ஆசிரியை அல்ல, மனுஷிகூட அல்ல. மலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி வாழும் குள்ளர் குலத்து வீராங்கனை!

அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் வாரத்துக்கு ஒரு நாள் இப்படி நடக்கிறது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். 'பாதாளச் சிறைகளும் பறக்கும் நாகங்களும்' என்று வைத்துக்கொள்ளலாம். சதுரங்கத்தைப் போல இதற்குக் கட்டங்கள் கட்டாயமில்லை. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசுவார்கள். வாள் வீச்சு பலித்ததா, தாழ்ப்பாள் திறந்ததா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். சுருங்கச் சொன்னால், எழுதி வைக்காத நாடகம்.

இதில் எல்லாரும் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்பதுதான் வேடிக்கை. அந்த வேடிக்கைக்குள் ஒரு பெரிய கேள்வியும் ஒளிந்திருந்தது.

வேலை போனவர் செய்த வேலை

விஸ்கான்ஸின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சிற்றூர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் இருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பார்த்த உத்தியோகம் 1970இல் போய்விட்டது. குடும்பமோ பெரியது. வீட்டிலிருந்தபடியே செருப்புகளைப் பழுது பார்த்துக் காலம் தள்ளினார். மிச்ச நேரமெல்லாம் யுத்த விளையாட்டுக்களிலேயே போயிற்று. மின்னஸோட்டா மாகாணத்தில் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் ஒரு புது யுக்தியைக் கையாண்டு வந்தார். சேனை முழுவதையும் நடத்துவதற்குப் பதில், ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வீரனாக மாறிவிட வேண்டும் என்பதே அது. இருவரும் சேர்ந்தார்கள். கைகாக்ஸ் எழுதிய விதிகளை முதன்முதலில் ஆடிப் பார்த்தவர்கள் அவருடைய சொந்தப் பிள்ளையும் பெண்ணும்தான்!

1974இல் விளையாட்டு வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை பத்து டாலர். முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள். பெட்டிகளைக் கையாலேயே சேர்த்துக் கட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் அமெரிக்க இளைஞர்கள் ஆங்கில ஆசிரியர் டோல்கீனின் கதைகளில் மயங்கிக் கிடந்தார்கள். அவருடைய மோதிரக் கதை 1954, 1955ஆம் வருஷங்களில் வெளிவந்தது. அழகும் நீண்ட ஆயுளும் உள்ள எல்ஃப்கள், உழைப்பாளிக் குள்ளர்கள், வீட்டுச் சாப்பாட்டை விட்டு வர மனமில்லாத ஹாபிட்கள்! இவர்களாக ஆட வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை வராது? கைகாக்ஸுக்கு மனித வீரர்களின் கதைகளிலேயே பிரியம் அதிகம். ஆனாலும் மூன்று குலத்தாரையும் சேர்த்துக்கொண்டார். டோல்கீன் நூல்களின் உரிமைக்காரர்கள் ஆட்சேபிக்கவே, ஹாபிட்டின் பெயர் பிற்பாடு 'ஹாஃப்லிங்' ஆயிற்று.

ஆறாம் படியோடு நில்!

சேர்த்துக்கொண்டாரே தவிர, சரிசமமாகச் சேர்க்கவில்லை. வீரதீரம் செய்யச் செய்ய இந்த விளையாட்டில் பாத்திரம் படிப்படியாக உயரும். மனிதன் எத்தனை படி வேண்டுமானாலும் ஏறலாம். குள்ளனோ 1974ஆம் வருஷ விதிப்படி ஆறாம் படியோடு நின்றுவிட வேண்டும். ஹாபிட்டுக்கு நாலு படிதான்! குள்ளனுக்கு மந்திரவாதியாகவும் வழியில்லை.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. எல்ஃப்களும் குள்ளர்களும் இருட்டிலும் பார்ப்பார்கள். நீண்ட காலம் வாழ்வார்கள். அவர்களுக்குத் தடை இல்லாவிட்டால் மனிதராக ஆட யார் வருவார்கள்? இப்படித்தான் கைகாக்ஸ் கணக்குப் போட்டார். இத்தனைக்கும் அதே புத்தகத்தில், விரும்பினால் டிராகனாகக்கூட ஆடலாம், ஆனால் குட்டி டிராகனாகத் தொடங்கி வளர வேண்டும் என்று ஒரு சலுகையும் கொடுத்திருந்தார். 1979இல் வந்த பெரிய புத்தகத்தில் அவர் மனம் மாறிவிட்டது. ராட்சத வேடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் பலத்துக்கு ஆசைப்பட்டே கேட்கிறார்கள் என்று கண்டித்தார்.

பெண்மணிகள் இன்னொரு விதியையும் கேட்க வேண்டும். 1978ஆம் வருஷப் புத்தகத்தில், பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்குத் தனியே ஓர் உச்சவரம்பு போட்டிருந்தார்கள். ஹாஃப்லிங் ஆண் 17 வரை போகலாம்; ஹாஃப்லிங் பெண் 14ஐத் தாண்டக் கூடாது! கைவிரலில் நெருப்பு வரவழைக்கலாம், செத்தவரை எழுப்பலாம். அதையெல்லாம் கற்பனை தாராளமாக ஏற்றுக்கொண்டது. ஒரு பெண் பாறையை நகர்த்தினாள் என்றால் மட்டும் அதற்கு நம்பிக்கை வரவில்லை! 1989ஆம் வருஷப் பதிப்பில்தான் இந்த விதி தொலைந்தது.

1981இல் வந்த ஆரம்பப் பாடப் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மனிதன் வீரனாகலாம், குருவாகலாம், மந்திரவாதியாகலாம், திருடனாகலாம். குள்ளன்? குள்ளனுக்குத் தொழில் 'குள்ளன்'. எல்ஃபுக்குத் தொழில் 'எல்ஃப்'. குலத் தொழில் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன?

பூத மாதாவின் துக்கம்

எல்லா மேஜைகளிலும் இதே கதைதான் என்று எண்ணிவிட வேண்டாம். 1978இல் 'ரூன்க்வெஸ்ட்' என்று மற்றொரு விளையாட்டு வந்தது. அதன் கதை நடக்கும் உலகத்துக்குக் குளோராந்தா என்று பெயர்; கிரெக் ஸ்டாஃபர்ட் என்பவரின் சிருஷ்டி. அங்கே மனிதனுக்குள்ள அளவுகளாலேயே பூதத்தையும் அளந்தார்கள். ஆகையால் பூதமாகவும் தாராளமாக ஆடலாம். 1982இல் 'டிரால்' என்ற பூதங்களைப் பற்றி மட்டுமே ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் போட்டார்கள்! அவர்கள் என்ன தின்பார்கள், எந்தத் தெய்வத்தைக் கும்பிடுவார்கள், அவர்களுடைய சரித்திரம் என்ன என்று சகலமும் அதில் இருந்தது.

அந்தச் சரித்திரத்தைக் கேளுங்கள். ஆதியில் டிரால்கள் பாதாளத்து இருட்டில் சுகமாக இருந்தார்கள். ஒரு நாள் சூரிய தேவன் கொல்லப்பட்டு, செத்தவர்கள் போகும் பாதாளத்துக்கு வந்து சேர்ந்தான். அவன் ஒளி அவர்களைச் சுட்டுப் பொசுக்கியது. வீடு வாசலை விட்டு மேலே ஓடி வந்தார்கள். பின்னொரு யுத்தத்தில் எதிரி ஒரு சாபம் போட்டான். அன்று முதல் டிரால் தாய்மார்களுக்குப் பெரும்பாலும் சோனிக் குழந்தைகளே பிறக்கின்றன. டிரால் சமூகத்தில் அதிகாரம் தாய்மார்களுடையது. ஆகையால், அந்த ஜாதியின் மிகப் பெரிய துக்கமே ஆட்சி செய்கிறவளின் வயிற்றில் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டபின், டிரால் வேடம் போடுகிறவள் வெறுமே பல்லைக் கடித்து உறுமிக்கொண்டிருப்பாளா? விடியற்காலையில் மற்றவர்கள் சூரியனைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது, அவள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மனுஷியின் கையில் கொழுகொழுவென்று குழந்தையைக் கண்டால் ஒரு கணம் பேசாமல் நிற்பாள். அப்போது மேஜையில் பூதம் மறைந்துவிடும். ஒரு தாய் தெரிவாள்.

குகைக்குள் குழந்தைகள்

இனி அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம். 1977இல் வெளிவந்த ராட்சதப் புத்தகத்தில் ஒவ்வொரு ஜந்துவுக்கும் 'குணம்' என்று ஒரு வரி இருந்தது. 'ஓர்க்' என்ற முரட்டு ஜாதிக்கு நேரே தீய குணம் என்று அச்சடித்திருந்தார்கள். ஒருவனுக்கு அல்ல, ஜாதி முழுவதற்கும்.

அந்த நாளில் புது ஆட்டக்காரர்களுக்கென்று கைகாக்ஸ் ஒரு கதைப் பின்னணி எழுதினார். 'எல்லைப்புறக் கோட்டை' என்று அதன் பெயரைச் சொல்லலாம். கோட்டைக்கு அருகே குகைகள். குகைகளில் ஓர்க்குகளும் அவர்களைப் போன்ற பிறரும். வீரர்கள் புகுந்து வெட்ட வேண்டியதுதான். ஆனால் எந்த அறையில் யார் யார் என்ற பட்டியலில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்! பல மேஜைகளில் பகடை உருளுவது அங்கே நின்றது. பெரியவர்களை வெட்டியாயிற்று, மூலையில் நடுங்குகிற இந்தக் குஞ்சுகளை என்ன செய்வது? தீய குணம் என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் வாளைக் கீழே போட, விளையாட்டு வழக்காடு மன்றமாக மாறிவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி அரை ஓர்க்காக ஆடிக்கொண்டிருந்தால்? 1978ஆம் வருஷ விதிகள் மனித ரத்தமும் ஓர்க் ரத்தமும் கலந்த அந்த வேடத்தை அனுமதித்தன. குகைக்குள் இருப்பவர்கள் அவளுக்குச் சொந்தக்காரர்கள் அல்லவா? மனித ஊரில் அவளுக்கு எந்தக் கடையில் மரியாதையாகச் சாமான் கொடுப்பார்கள்? இந்தக் கேள்விகள் எழுந்தபோதுதான், மனிதரல்லாத வேடம் வெறும் ஒட்டுத் தாடி அல்ல என்று புரியத் தொடங்கியது.

எழுதிய கை மாற்றி எழுதியது

மாறுதல் மெள்ளவே வந்தது. 2000ஆம் வருஷப் பதிப்பில் படித் தடைகள் நீங்கின; குள்ளன் மந்திரமும் படிக்கலாம் என்றாயிற்று. ஆனாலும் இந்த இனத்துக்கு இவ்வளவு புத்தி கூடும், அந்த இனத்துக்கு இவ்வளவு குறையும் என்ற கணக்கு தொடர்ந்தது. 2020இல் வந்த ஒரு புத்தகம், அந்தக் கூடுதலை ஆட்டக்காரர் தம் இஷ்டப்படி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்றது. 2022 டிசம்பரில், 'ரேஸ்' என்ற சொல்லையே கைவிட்டு 'ஸ்பீஷீஸ்' என்று சொல்லப்போவதாகப் பிரசுரகர்த்தர்கள் அறிவித்தார்கள். 2024ஆம் வருஷப் புத்தகத்தில் அந்தக் கூடுதல்கள் பிறப்பை விட்டு, வளர்ந்த வாழ்க்கைக்கு நகர்ந்தன. குடியானவனா, மாலுமியா, எழுத்தனா என்பதே இப்போது கேள்வி. அதே புத்தகத்தில் ஓர்க் முழு உரிமையோடு ஆட்டக்காரர் வேடங்களில் ஒன்றாயிற்று. 2025இல் வந்த புதிய ராட்சதப் புத்தகத்தில் ஓர்க் தனித் தலைப்பாக இல்லவே இல்லை!

எல்லாருக்கும் இதில் திருப்தி என்று சொல்ல முடியாது. எல்லாக் குலமும் ஒன்றுபோலாகிவிட்டால் வேடத்துக்கு ருசி ஏது என்று கேட்பவர்கள் உண்டு. 2024ஆம் வருஷப் புத்தகத்தில் அரை எல்ஃபும் அரை ஓர்க்கும் விடப்பட்டதில், இரண்டு குலத்துக்கு நடுவே நிற்கும் அந்தப் பாத்திரங்களில் தங்களைக் கண்டவர்கள் சிலருக்கு வருத்தம். அதுவும் நியாயமான வருத்தம்தான். வித்தியாசம் வேண்டும், ஆனால் வித்தியாசத்தைத் தாழ்வாக்கக் கூடாது. மேஜைக்கு வெளியிலும் இது சுலபமான காரியம் அல்லவே!

வேடம் நன்றாக அமைய

மனிதரல்லாத வேடத்தை நன்றாகச் செய்வது எப்படி? நீண்ட காதும் கரகரத்த குரலும் ஐந்து நிமிஷத்துக்குத் தாங்கும். அப்புறம் மூன்று கேள்விகள்தாம் உதவி செய்யும்.

முதலாவது, உன் ஆயுள் எவ்வளவு? 2014ஆம் வருஷ விதிப்படி எல்ஃபுக்கு 750 வயது வரை ஆயுள். நூறு வயதில்தான் பெரியவள். அப்படியானால், சத்திரக்காரக் கிழவியை அவள் தொட்டிலில் பார்த்திருப்பாள். உடன் வரும் மனிதச் சிநேகிதியை இன்னும் சில ஆண்டுகளில் அடக்கம் செய்ய வேண்டியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுடைய பொறுமைக்கும் துயரத்துக்கும் அங்கேதான் வேர்.

இரண்டாவது, உனக்கு எது வீடு? ஹாஃப்லிங்குக்கு மனிதர் வீட்டுப் படிக்கட்டு ஒவ்வொன்றும் மலை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. தினமும் பிறர் அளவுக்குச் செய்த உலகத்தில் நடமாடுகிறவனுக்கு வேடிக்கைப் பேச்சு ஒரு கவசம்.

மூன்றாவது, உன்னைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள்? அதில் எது பொய்? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாத்திரம் தானே பேசத் தொடங்கிவிடும்.

நம் ஆசிரியையின் மேஜைக்குத் திரும்புவோம். மணி பதினொன்று. கதவுக்குப் பின்னால் உறுமியது மிருகம் அல்ல. காயம்பட்ட ஒரு ஓர்க் கிழவி என்று தெரிந்துவிட்டது. குள்ளர்களுக்கும் ஓர்க்குகளுக்கும் தலைமுறைப் பகை. ஆசிரியை கோடரியைப் பார்க்கிறாள், பகடையைப் பார்க்கிறாள். பிறகு பகடையைத் தொடாமலே, "என் தண்ணீர்க் குடுவையை அவளிடம் நீட்டுகிறேன்" என்கிறாள்.

காலையில் அவள் பள்ளிக்கூடம் போவாள். வகுப்பின் கடைசி பெஞ்சியில், யாரோடும் சேராமல் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருப்பான். இத்தனை நாள் முரடன் என்று ஒதுக்கிவிட்ட அவனை, அன்றைக்கு அவள் இன்னொரு தரம் பார்க்கக்கூடும். ஒரு ராத்திரி மனுஷியாக இல்லாமல் இருந்ததற்கு அது நல்ல லாபந்தானே!