ஓவியம் விற்கும் நயமொழி

நெல் விற்பவர்க்கு மரக்கால் உண்டு. துணி விற்பவர்க்கு முழக்கோல் உண்டு. பொன் விற்பவர்க்கு உரைகல் உண்டு. ஓவியமும் நிழற்படமும் விற்பவர்க்கு இத்தகைய கருவி யாதும் இல்லை. அவர்க்குப் பெருந்துணையாவது சொல். அச்சொல் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்?

'ஈடிணையற்ற படைப்பு, இன்றே வாங்குக' என்று ஓர் ஓவியத்தின் கீழ் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அவ்வரியைப் பெயர்த்து அடுத்த ஓவியத்தின் கீழ் ஒட்டினாலும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதனையும் விளக்குவதில்லை. மேலும், அது வாங்குவோரை முடுக்குகிறது; முடுக்கப்படுபவர் ஐயுறுவது இயல்பு. நயமொழியோ படத்தில் உள்ள ஒன்றைச் சுட்டிவிட்டு விலகி நிற்கும். காண்பதும் தெளிவதும் வாங்குவோர்க்கு உரியன.

பாரிஸ் நகரத்து ஓவிய வணிகர் பால் துரான்-ருயெல் (1831–1922) வாழ்வில் இதற்குச் சான்று காணலாம். மோனே, ரெனுவார், பிசாரோ முதலிய புதுநெறி ஓவியர்களின் படைப்புகளைப் பலரும் ஒதுக்கிய காலத்தில் அவர் வாங்கினார். 1876ஆம் ஆண்டில் அவருடைய கூடத்தில் அவ்வோவியர்கள் நடத்திய கண்காட்சியை நாளிதழ்த் திறனாய்வாளர் சிலர் எள்ளி நகையாடினர். 1880களில் கடன் சுமை அவரை அழுத்தியது. ஆயினும் அவர் சோர்ந்தாரில்லர். 1883இல் ஓவியர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கண்காட்சி அமைத்தார். 1886இல் ஏறத்தாழ 300 ஓவியங்களை நியூயார்க்குக்குக் கொண்டுசென்று காட்டினார்.

1891ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய கூடத்தில் மோனே வரைந்த கோதுமைக் கதிர்ப்போர் ஓவியங்கள் 15 வைக்கப்பட்டன. வயலில் நிற்கும் போரைப் பன்முறை வரைவானேன் என்று காண்போர் வினவுதல் இயல்பே. அவ்வினாவுக்கு ஓவியங்களின் பெயர்களே விடையாய் அமைந்தன. கோடையின் முடிவு, வெண்பனி, மறையும் ஞாயிறு எனப் பருவத்தையும் பொழுதையுமே இவ்வரிசைப் பெயர்கள் உணர்த்துகின்றன. அழகு என்னும் அடைமொழி அவற்றில் இல்லை. பெயரைப் படித்தவர் படத்தை மீண்டும் நோக்குவார். போர் ஒன்றாயினும் ஒளி வேறு என்பதைத் தம் கண்ணாலேயே அறிவார். கண்காட்சிப் பட்டியலுக்குக் கஸ்தாவ் ஜெஃப்ருவா என்னும் திறனாய்வாளர் முன்னுரை வழங்கினார். கண்காட்சி வணிகத்திலும் வெற்றி கண்டது. அவ்வெற்றி சொல்லால் மட்டும் வந்ததன்று. கலையின் ஆற்றலால் வந்தது. கண்ணுக்கு வழி காட்டியது சொல்.

நிழற்படத்திற்கு மற்றுமொரு பொறுப்பும் உண்டு. ஒரே மூலச்சுருளிலிருந்து பல படிகள் எடுக்கலாம். அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் நிலவு எழும் காட்சியை 1941இல் எடுத்தார். அதனைப் பல ஆண்டுகள் தம் கையாலேயே மீண்டும் மீண்டும் அச்சிட்டார். பிற்காலப் படிகளில் வானம் மிகவும் கருமை கொண்டு விளங்குகிறது. பிற்காலப் படி ஒன்றை விற்பவர் '1941இல் எடுத்தது' என்று மட்டும் கூறினால் அது பொய்யன்று. ஆயினும் முழு மெய்யுமன்று. எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, தாளின் வகை, படிகளுக்கு வரையறை உண்டாயின் அவ்வெண்ணிக்கை ஆகியவற்றை வாங்குவோர் கேளாமுன்னரே கூறுதல் வேண்டும். இனிமையாகப் பேசி இவற்றை மறைப்பது நயமொழியாகாது, வஞ்சமொழியாகும்.

திருவள்ளுவர் 'இனியவை கூறல்' அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இன்சொல்லுக்கு அன்பையும் வஞ்சனையின்மையையும் சேர்த்தே இலக்கணம் வகுத்தார். வணிகர்க்கும் அதுவே அளவுகோல்.

தமிழாசிரியர்கள் இதனை வகுப்பறையிலும் பயிற்றலாம். ஒரு படத்தைக் காட்டி, 'அழகான', 'அருமையான' என்னும் சொற்களை நீக்கி, ஐந்து வரிகளில் விளக்குமாறு மாணவரைப் பணிக்கலாம். முதலில் அவர்கள் திகைப்பர். பின்னர் ஒளி எப்பக்கம் விழுகிறது, முதியவள் கை எதைப் பற்றியிருக்கிறது என்று நோக்கத் தொடங்குவர். நோக்கியவரே பிறரை நோக்கச் செய்வர். அங்ஙனம் நோக்கி வாங்கியவர் வீட்டுச் சுவரில் அப்படம் நெடுநாள் நிற்கும். முடுக்கி விற்ற படமோ பரணுக்கு விரைவில் போய்ச்சேரும்.