பட்டு மாதிரி பேப்பரையும் எடை பாருங்க! கல்யாண பத்திரிகை, நோட்டீஸ் செலவு குறையும்

காஞ்சீபுரம்:-

பட்டு நூலை கிராம் கணக்கில் எடை போட்டு வாங்கும் ஊர் காஞ்சீபுரம். ஜரிகைக்கு "மார்க்" கணக்கு. ஒரு மார்க் என்றால் 242 கிராம். நெசவாளியிடம் எடை போட்டு கொடுத்த பட்டும், ஜரிகையும் சேலையாகி திரும்பும்போது மறுபடியும் தராசில் ஏறும். எடை குறைந்தால் கேள்வி வரும்.

ஆனால் அதே நெசவாளி வீட்டில் கல்யாணம் என்றால் கதையே வேறு. அச்சகத்துக்கு போய் "நல்லா கெட்டியான அட்டையா போடுங்க" என்பதோடு சரி. அந்த அட்டை எத்தனை கிராம் என்று யாரும் கேட்பதில்லை. பேப்பரும் எடை கணக்கில் விலை போகும் சரக்குதான் என்பது பலருக்கு தெரிவதில்லை.

மெல்லிய பேப்பரில் அச்சடித்தால் பணமும் மிச்சம், மரமும் மிச்சம். எப்படி? இதோ கணக்கு.

ஜி.எஸ்.எம். என்றால் என்ன?

பேப்பர் கட்டு மேல் 60 ஜி.எஸ்.எம்., 70 ஜி.எஸ்.எம்., 80 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள பேப்பரின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. நம்பர் கூடினால் பேப்பர் கனம். குறைந்தால் மெல்லிசு.

ஜெராக்ஸ் கடையில் பார்க்கும் ஏ4 தாளை எடுத்துக் கொள்வோம். 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று கிட்டத்தட்ட 5 கிராம். 60 ஜி.எஸ்.எம். தாள் 3¾ கிராம். ஒரு தாளில் 1¼ கிராம் பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் பேப்பர் மில்லில் டன் கணக்கில்தான் வியாபாரம். ஒரு டன் பேப்பரில் 80 ஜி.எஸ்.எம். என்றால் சுமார் 2 லட்சம் தாள் கிடைக்கும். 60 ஜி.எஸ்.எம். என்றால் சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம் தாள். அதே ஒரு டன்னில் 67 ஆயிரம் தாள் கூடுதல்!

நோட்டீஸ் கணக்கு

வைகாசி கருட சேவைக்கு அன்னதான நோட்டீஸ் அடிக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏ4 தாளில் பாதி அளவு, மொத்தம் 10 ஆயிரம் நோட்டீஸ். இதற்கு 10 ரீம் பேப்பர் வேண்டும். 80 ஜி.எஸ்.எம். போட்டால் 25 கிலோ. 60 ஜி.எஸ்.எம். போட்டால் 19 கிலோவுக்கும் கீழே. 6 கிலோவுக்கு மேல் மிச்சம். நோட்டீசில் ஒரு பக்கம்தான் அச்சு. அதனால் பின்பக்கம் எழுத்து தெரிகிறதே என்ற கவலையும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. எடை கால் பங்கு குறைந்தால் மொத்த பில்லும் கால் பங்கு குறையாது. பிளேட், மை, மெஷின் கூலி எல்லாம் அப்படியே இருக்கும். குறைவது பேப்பர் காசு மட்டும்தான். அதிலும் மெல்லிய பேப்பருக்கு கிலோ விலை சில சமயம் சற்று கூட இருக்கும். ஆகவே கிலோ விலையை பார்த்து ஏமாறாமல், ஒரு தாளுக்கு என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும்.

கல்யாண பத்திரிகையில் தபால் செலவு

வெளியூர் சொந்தக்காரர்களுக்கு பத்திரிகையை தபாலில் அனுப்பும் வீடுகள் இன்றும் உண்டு. சாதாரண கவர் தபாலுக்கு 20 கிராம் வரை ஒரு கட்டணம். அதை தாண்டினால் அடுத்த கட்டணம்.

ஏ4 அளவு அட்டையை இரண்டாக மடித்த பத்திரிகை, 250 ஜி.எஸ்.எம். என்றால் அட்டை மட்டும் 15½ கிராம். 100 ஜி.எஸ்.எம். கவர் சுமார் 9 கிராம். மொத்தம் 24 கிராமை தாண்டி விடும். அதையே 170 ஜி.எஸ்.எம். அட்டை, 80 ஜி.எஸ்.எம். கவர் என்று மாற்றினால் சுமார் 18 கிராம்தான். 20 கிராமுக்குள் அடங்கி விடும். பத்திரிகை வாங்குகிறவர் கைக்கு வித்தியாசம் அவ்வளவாக தெரியாது. தபால் தராசுக்கு தெரியும்.

500 பத்திரிகைக்கு அட்டையும் கவரும் சேர்த்து 3 கிலோவுக்கு மேல் குறையும். பிளாஸ்டிக் லேமினேஷனையும் விட்டு விட்டால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் ஒட்டிய அட்டையை மறுபடியும் கூழாக்குவது கஷ்டம். கல்யாணம் முடிந்ததும் அது குப்பைக்குத்தான் போகும்.

கரும்பு சக்கையில் பேப்பர்

பேப்பர் எங்கிருந்து வருகிறது? தமிழக பேப்பர் மில்களுக்கு சவுக்கு, தைலமரம் போகிறது. மரத்தின் எடையில் பாதி அளவுதான் நல்ல கூழாக கிடைக்கும். கூழ் காய்ச்ச நீராவி வேண்டும், கழுவ தண்ணீர் வேண்டும், உலர்த்த மறுபடியும் நெருப்பு வேண்டும். ஒரு கிலோ பேப்பர் குறைந்தால் இத்தனையும் குறைகிறது. 10 டன் லாரியில் 80 ஜி.எஸ்.எம். என்றால் 20 லட்சம் தாள் வரும். 60 ஜி.எஸ்.எம். என்றால் அதே லாரியில், அதே டீசலில் 26 லட்சத்துக்கு மேல் வரும்.

மரத்தை மிச்சம் பிடிக்க தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய வழி கண்டார்கள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்தான் அது. 1979-ல் தமிழக அரசு தொடங்கியது. 1984-ல் உற்பத்தி ஆரம்பம். முக்கிய மூலப்பொருள் கரும்பு சக்கை! சர்க்கரை ஆலைகள் சக்கையை கொதிகலனில் போட்டு எரித்து வந்தன. "சக்கையை எங்களுக்கு கொடுங்கள், அதற்கு பதில் எரிபொருள் நாங்கள் தருகிறோம்" என்று ஒப்பந்தம் போட்டு வாங்கினார்கள். ஆண்டுக்கு 90 ஆயிரம் டன் என்று ஆரம்பித்த ஆலையின் திறன் பிறகு 4 லட்சம் டன்னாக உயர்ந்தது.

சக்கையில் செய்தாலும் தண்ணீரும் நெருப்பும் வேண்டும். ஆகவே அதையும் மெல்லிசாக, அளவாக செலவழிப்பதே நல்லது.

இது புதுசு இல்லை

மெல்லிய பேப்பர் நமக்கு பழகியதுதான். வெளிநாட்டில் இருந்து வந்த ஏர்மெயில் கடிதம் சரசரவென்று இருக்குமே, அது ஏன்? விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் காசு. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் பைபிள் கையடக்கமாக இருப்பதும் மெல்லிய தாளால்தான். பத்திரிகை அச்சடிக்கும் நியூஸ்பிரிண்ட் ஒரு காலத்தில் 52 கிராம். 1970-களில் விலை எகிறியபோது உலகம் முழுக்க 48.8 கிராமுக்கு இறங்கினார்கள். இப்போது 45, 42 கிராமிலும் பத்திரிகைகள் ஓடுகின்றன. படிப்பவர் யாரும் குறை சொல்லவில்லை.

எங்கே மெல்லிசு கூடாது?

எல்லாவற்றுக்கும் மெல்லிசு சரிப்படாது. இரண்டு பக்கமும் அச்சடித்தால் 60 ஜி.எஸ்.எம்.மில் பின்பக்க எழுத்து நிழலாக தெரியும். குழந்தைகள் படிக்கும் புத்தகத்துக்கு அது கண்ணுக்கு தொந்தரவு. ஐப்பசி மழையில் ஈரம் பிடித்தால் மெல்லிய தாள் சுருண்டு ஜெராக்ஸ் மெஷினில் சிக்கும். வருஷக்கணக்கில் வைக்க வேண்டிய பத்திரம், கணக்கு லெட்ஜர், சேலை வைக்கும் அட்டை பெட்டி இவற்றில் கை வைக்கக்கூடாது.

அதே சமயம், பெரிய மிச்சம் இரண்டு பக்கமும் அச்சடிப்பதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் 80 ஜி.எஸ்.எம்.மில் அடிப்பதை இரண்டு பக்கமாக 70 ஜி.எஸ்.எம்.மில் அடித்தால் பேப்பர் பாதிக்கும் மேல் குறையும்.

நீங்களே சோதிக்கலாம்

80 என்று காசு வாங்கிக் கொண்டு 70 கொடுத்தால் கண்ணுக்கு தெரியாது. ஆனால் மளிகைக்கடை தராசு சொல்லி விடும். 500 தாள் உள்ள ஏ4 ரீம், கவர் இல்லாமல்:

80 ஜி.எஸ்.எம். - சுமார் 2 கிலோ 500 கிராம்
75 ஜி.எஸ்.எம். - சுமார் 2 கிலோ 340 கிராம்
70 ஜி.எஸ்.எம். - சுமார் 2 கிலோ 180 கிராம்
60 ஜி.எஸ்.எம். - சுமார் 1 கிலோ 870 கிராம்

ஈரப்பதத்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 300 கிராம் குறைந்தால் கேட்டு விட வேண்டியதுதான்.

அடுத்த முறை அச்சகம் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எத்தனை ஜி.எஸ்.எம்.? ஒரு படி குறைத்தால் எவ்வளவு மிச்சம்? ஒரு மாதிரி தாளில் அடித்து காட்ட முடியுமா? மாதிரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து திருப்தி என்றால் மட்டும் ஆர்டர் கொடுங்கள். சேலை வாங்கும்போது ஜரிகையை திருப்பித் திருப்பி பார்க்கிற ஊர் இது. பேப்பரையும் ஒரு தரம் பார்த்தால் போச்சு!