ஒரு குதிரை... எல்லா சப்ஜெக்ட்டும்!

கணக்குக்கு ஒரு நோட்டு, ஹிஸ்டரிக்கு ஒரு நோட்டு, சயின்ஸுக்கு ரெக்கார்டு நோட்டுனு பிரிச்சுப் பிரிச்சே படிச்சு காலேஜுக்கு வந்துட்டோம். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டிலேயே படிக்க வைக்கிற அமெரிக்கக் குடும்பங்கள் சிலவற்றில் இந்தப் பாகப்பிரிவினையே கிடையாது. ஒரே ஒரு படப் புத்தகம்... அதிலிருந்தே எல்லாப் பாடமும்!

உதாரணத்துக்கு, ‘தி கேர்ள் ஹூ லவ்டு வைல்டு ஹார்ஸஸ்’. பால் கோபிள் எழுதி, வரைந்து 1978-ல் வெளியான புத்தகம். படங்களுக்காக மறுவருஷமே கால்டிகாட் பதக்கம் வாங்கியது. குதிரைகள் மேல் உயிரையே வைத்திருக்கும் பூர்வகுடிப் பெண் ஒருத்தி, புயலில் மிரண்டு ஓடும் குதிரைகளோடு போய், காட்டுக் குதிரைகளுடனேயே தங்கிவிடுகிறாள். முதல்ல கதையை ஜாலியா படிக்கணும். ஆட்டம் அப்புறம்தான்!

கணக்கு: குதிரையின் உயரத்தை ‘ஹேண்ட்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். தலை உச்சி வரை இல்லை, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரைதான் அளவு. 15.2 ஹேண்ட்னா? கால்குலேட்டரைத் தட்டினா அவுட்! 15 ஹேண்டும் 2 அங்குலமும்னு அர்த்தம். ஆக, 62 அங்குலம். சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் நின்று தன் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் வாண்டு.

தாளம்: குதிரை நடந்தால் நாலு தட்டு, ‘டிராட்’ ஓட்டத்துக்கு ரெண்டு, ‘கேன்டர்’னா மூணு, நாலுகால் பாய்ச்சலில் மறுபடி நாலு. கைதட்டியே கத்துக்கலாம்.

சயின்ஸ்: பாயும்போது நாலு காலும் அந்தரத்தில் இருக்குமா? 1878-ல் வரிசையாக கேமராக்களை நிறுத்திப் படமெடுத்து, ‘ஆமாம்’ என்று காட்டினார் எட்வர்ட் மைபிரிட்ஜ். அதுவும் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்களை நீட்டும்போது இல்லை... வயிற்றுக்கடியில் மடக்கும்போது! அதையே நோட்டு ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரைந்து சரசரனு புரட்டினால், வீட்டிலேயே சினிமா.

ஹிஸ்டரி: குதிரை இனம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே அழிந்துபோனது. 1519-ல் மெக்ஸிகோவுக்கு வந்த கோர்டெஸ் கப்பலில் கொண்டுவந்தது 16 குதிரைகள். பிறகு ஸ்பானியர்களிடமிருந்து அவை பூர்வகுடிகள் கைக்குப் போயின. தப்பி ஓடியவை காட்டில் பெருகின.

‘அப்போ காட்டுக் குதிரையெல்லாம் வீட்டுக் குதிரையோட வாரிசா? பூர்வகுடிகள் கதையை இங்கிலாந்தில் பிறந்த கோபிள் ஏன் எழுதினார்?’னு வாண்டு கேட்டால்... இது எந்த சப்ஜெக்ட்? எந்த நோட்டிலும் அடங்காது. ஆனா, அங்கேதான் படிப்பே ஆரம்பிக்குது.

நாம கடைசியா எப்போ அப்படி ஒரு கேள்வி கேட்டோம் பாஸ்?