நைட்ரஜனுக்குப் பக்கத்து வீடு

"தேங்காய்ச் சிரட்டைக் கரியை வைத்தே ஹைட்ரஜன் கார் ஓட்டலாம் என்கிறார்களே, நிஜமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கரி பிளாட்டினத்தை மிஞ்சிவிட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. சிரட்டை, இறால் ஓடு என்று மூலப்பொருள்தான் மாறும். நம்புவதா வேண்டாமா என்பது இருக்கட்டும், அந்தக் கரி என்ன செய்கிறது என்பது செய்தியைவிடச் சுவையானது.

ஹைட்ரஜன் காரை ஓட்டும் எரிபொருள் கலத்தில் ஹைட்ரஜன் சுலபமாகப் பிரிந்துவிடும். முரண்டு பிடிப்பது மறுமுனையில் உள்ள ஆக்சிஜன். அதன் பிணைப்பை அறுத்து, நான்கு எலெக்ட்ரான்கள் கொடுத்துத் தண்ணீராக்க வேண்டும். கலத்தில் வினையூக்கியாக வைக்கும் பிளாட்டினத்தில் பெரும்பங்கு இந்த வேலைக்கே போகிறது.

வெறும் கிராஃபைட் தாளுக்கு இது சரிவர வராது. அங்கே கார்பன் அணுக்கள் ஆறு ஆறாகக் கைகோத்து, ஆளுக்கொரு எலெக்ட்ரானைப் பொதுவில் வைத்திருக்கின்றன. சொத்து பிரிக்காத அண்ணன் தம்பிகள் ஒரு தெருவையே அடைத்துக் குடியிருப்பது போல. எல்லா வீடும் ஒன்றுபோல இருப்பதால், கடன் கேட்டு வரும் ஆக்சிஜன் எந்த வாசலிலும் நிற்பதில்லை. அந்தத் தெருவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக நைட்ரஜன் வருகிறது. வரும்போது ஒரு எலெக்ட்ரான் கூடுதலாகக் கொண்டுவந்தாலும் ஆள் அழுத்தம், இருப்பதைத் தன் பக்கம் இழுப்பார். பக்கத்து வீட்டுக் கார்பனுக்குக் கொஞ்சம் குறை விழுகிறது. ஆக்சிஜன் நிற்பது அந்த வாசலில்தான். குறைபட்டவர் வாசலில் கடன் கேட்பவருக்கு என்ன வேலை? ஆக்சிஜனின் மடியில் பிணைப்பில் சேராத எலெக்ட்ரான் இணை உண்டு. குறைபட்ட கார்பன் அதைப் பற்றிக்கொள்ள, ஆக்சிஜன் திண்ணையில் அமர்ந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். பிறகு பொதுப் பெட்டியிலிருந்து நான்கும் வந்து சேரும். இரண்டோடு கிளம்பிவிட்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. கடன் பாதியில் நின்ற கோபத்தில் கலத்தின் சவ்வை அரிக்கும்.

2016-ல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் ஜுன்ஜி நாகாமுராவின் குழு, ஒழுங்கான கிராஃபைட் பரப்பில் வகைவகையாக நைட்ரஜனைப் பதித்துப் பார்த்தது. இரண்டே கார்பன்களோடு பிணைந்த நைட்ரஜன் கூடக் கூட வினையும் கூடியது. வேலை நடக்கும் இடம் அதன் பக்கத்துக் கார்பன் என்று அவர்கள் காட்டினார்கள். ஒரு கரித்துண்டில் ஒற்றை அணுவின் விலாசம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

வரலாறு சுருக்கமானது. 1964-ல் ரேமண்ட் ஜாசின்ஸ்கி பிளாட்டினம் இல்லாமல், கோபால்ட் சேர்மம் ஒன்றால் ஆக்சிஜனை வசப்படுத்தினார். 2009-ல் லிமிங் டாய் குழுவின் நைட்ரஜன் கலந்த கார்பன் நுண்குழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தை முந்தின. அதன்பின் ஆய்வுகள் குவிந்தன.

குவிந்ததில் பதரும் உண்டு. 2020-ல் பிராக் நகரின் மார்ட்டின் புமேரா குழு, பறவை எச்சத்தைச் சேர்த்துச் சூடாக்கிய கிராஃபீனும் (ஒற்றைக் கிராஃபைட் தாள்) வெறும் கிராஃபீனைவிட நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றனவே! எதைக் கலந்தாலும் கொஞ்சம் கூடும் என்றால், கூடியது என்பது மட்டுமே சாதனையாகாது.

ஆகவே வாசகருக்குப் பதில்: இன்னும் இல்லை. இன்றைய ஹைட்ரஜன் கார்களின் கலம் அமிலச் சூழல் கொண்டது. காரத்தில் ஜெயித்த கரி அங்கே திணறுகிறது. இரும்பும் நைட்ரஜனும் சேர்ந்த கரி அமிலத்திலும் நன்றாகத் தொடங்குகிறது, ஆனால் சீக்கிரம் தேய்கிறது. காரின் கலமோ ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்தாக வேண்டும். அடுத்த செய்தியைப் படிக்கும்போது, எதைக் கரியாக்கினார்கள் என்று பார்க்காதீர்கள். அமிலத்தில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று தேடுங்கள்.